சுரப்பிகளின் சரித்திரம் – 9: கிணற்றில் இறங்கிய மத்தாப்பு

சென்ற வாரம் கோழியின் கழுத்தில் நிறுத்தியிருந்தேன். தோலைக் கீறி, அதற்கடியில் ஒரு சின்ன மாத்திரையைச் செருகி, இளஞ்சேவல்களைக் கொழுக்க வைத்த அமெரிக்கப் பண்ணைகளின் கதை அது. மாத்திரையின் பெயர் டை-எதில்-ஸ்டில்பெஸ்ட்ரால். 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் ஆய்வகத்தில் செய்தெடுத்த சரக்கு. உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்யும். 1947இல் அமெரிக்காவில் கோழிக்கு வைக்க அனுமதி கிடைத்தது. வெட்டிக் கழித்த கோழித் தலைகளைத் தீனியாகத் தின்ற மிங்க் பண்ணை விலங்குகள் குட்டி போடாமல் போயின. 1959இல் கோழிக்குத் தடை. மாட்டுக்குக் கொடுப்பதை நிறுத்த 1979 வரை இழுத்தது. இடையில் 1971இல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் ஒரு குண்டைப் போட்டார்: கர்ப்பகாலத்தில் இதே சரக்கை மருந்தாக விழுங்கிய தாய்மாரின் மகள்களுக்கு, இளவயதிலேயே ஓர் அரிய புற்றுநோய்.

அந்த மாத்திரையைப் பற்றிய பயம் எப்படியோ கடல் தாண்டிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழாயிரம்பண்ணைக் கறிக்கடை வரிசையில் நின்று கேளுங்கள். "நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படிண்ணே வரும்? எல்லாம் ஊசிதான்" என்று ஒருவர் சொல்வார். "பொம்பளப் பிள்ளைக சீக்கிரமா வயசுக்கு வர்றதே இந்த பிராய்லராலதான்" என்று இன்னொருவர் முடிப்பார். முடித்துவிட்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டும் போவார்.

இந்த வழக்கைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் கோழியின் வயிற்றில் அதுவும் தீனியாகச் செரித்துப் போகும். பலன் வேண்டுமானால் ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். ஐயாயிரம் கோழி நிற்கும் கொட்டகையில் அதைச் செய்கிற பண்ணைக்காரர் அடுத்த மாதமே கடனாளி. பிறகு எடை எங்கிருந்து வருகிறது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி ரகங்களை ஒரே தீனி போட்டு ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு ரகம் 905 கிராம். 2005ஆம் ஆண்டு ரகம் 4,202 கிராம். தாய், தகப்பனைத் தேர்ந்து தேர்ந்து இணை சேர்த்ததன் விளைவு அது. பெண் பிள்ளைகள் பூப்பெய்தும் வயதோ, ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது பிராய்லர் என்ற பறவையே பிறக்கவில்லை.

பிராய்லருக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கோலிஸ்டின் என்ற கடைசிப் புகலிட மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை போட்டது. கோழிக்கடையில் கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான். ஊர் வேறொன்றைப் பேசிக்கொண்டிருக்கிறது.

சரி, நம் வட்டாரத்தில் ஹார்மோனைத் தொட்டுக் கலைக்கிற பொருள் எதுவும் வாய் வழியாக உள்ளே போகவே இல்லையா?

போகிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அதன் ஊர் கறிக்கடையும் இல்லை.

*

1816. பிரடெரிக் ஃபான் ஸ்டாடியன் என்ற ஆஸ்திரியப் பிரபு, பொட்டாசியம் குளோரேட்டோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். கையில் கிடைத்தது ஒரு புது வெள்ளை உப்பு. பொட்டாசியம் பெர்குளோரேட். ஒரு மூலக்கூறுக்குள் நான்கு ஆக்சிஜன் அணுக்களை அடக்கி வைத்திருக்கும். சூடு பட்டால் விட்டுக்கொடுக்கும். வெடிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாணவெடி வானத்தில் விரியும்போது சிவப்பும் பச்சையும் பளிச்சென்று தெறிப்பதற்கு உலகமெங்கும் இந்த உப்பு கைகொடுத்தது.

நூற்று முப்பத்தாறு வருடம் கழித்து, 1952இல், அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலியின் தைராய்டு சேமித்து வைத்திருந்த அயோடைடு வெளியேறியது. புதிதாக உள்ளே வருவதும் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில் இதை மனிதர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மிரள வேண்டாம், காரணத்தோடுதான். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடம்பு இளைத்துப் போகும் கிரேவ்ஸ் நோய்க்கு இது நல்ல மாத்திரையாக வேலை செய்தது. 1954இல் காட்லி, ஸ்டான்பரி என்ற இரு மருத்துவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். சில வருடம் கொடி கட்டிப் பறந்தது. 1960களில் எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்வதை நிறுத்திவிட்டுச் சில நோயாளிகள் இறந்தபோது, மருத்துவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள்.

ஆக, வாணவெடியில் போகும் ஓர் உப்பு, தைராய்டைக் கட்டிப்போடும் என்பது 1950களிலேயே மருத்துவ உலகம் எழுதி வைத்த செய்தி. அந்த ஏட்டை யாரும் பட்டாசுத் தொழிலின் பக்கம் கொண்டுபோய் விரித்துப் படிக்கவில்லை.

எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்கு 1996இல் விடை வந்தது. நான்சி கராஸ்கோவின் ஆய்வகத்தில், தைராய்டு செல்லின் சுவரில் அயோடைடை உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணுவைப் பிடித்தார்கள். பெர்குளோரேட் அயனிக்கு அயோடைடு அயனியின் பருமனும் மின்னூட்டமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. டவுன் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவரைப் போல அந்தப் புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது; அயோடைடு நின்றபடி வர வேண்டியதுதான். பிடிக்கும் பலம் அயோடைடைவிட 30 மடங்கு. நைட்ரேட்டும் இதே இடத்துக்குத்தான் போட்டி போடும், ஆனால் அதன் பலம் மிகக் குறைவு.

அயோடின் உள்ளே போகாவிட்டால் தைராய்டு ஹார்மோன் செய்யச் சரக்கு இல்லை. பெரியவர்களுக்குச் சோர்வு, உடல் பருமன், மாதவிடாய்க் குழப்பம், கழுத்தில் கழலை. இதெல்லாம் இரண்டாம் பட்சம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைராய்டு இயங்காது. தாயின் ஹார்மோனைக் கொண்டுதான் அதன் மூளை உருவாகிறது. அந்த மாதங்களில் பட்ட கடனைப் பிறகு எவராலும் அடைக்க முடியாது.

மாத்திரையாகக் கொடுத்தது மில்லிகிராம் கணக்கில், நூற்றுக்கணக்கில். தண்ணீரில் வருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அப்படியானால் பயப்பட என்ன இருக்கிறது என்று 1997 வரை எல்லாரும் இருந்தார்கள். அந்த வருடம் கலிபோர்னியாவில் ஓர் இயந்திரம் கூர்மையானது.

*

அதற்கு ஒன்பது வருடம் முன்பு நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். 1988 மே 4. நெவாடா மாநிலம், ஹெண்டர்சன். ராக்கெட்டுக்கு அம்மோனியம் பெர்குளோரேட் செய்யும் பெப்கான் ஆலையில் தீப்பிடித்தது. மலையுச்சியில் வேலையாக இருந்த ஒருவர் அதை முழுவதும் படம் பிடித்தார்: தரையோடு ஓடும் அதிர்வலை, எழும்பும் வெள்ளைப் புகை, சிதறும் கட்டடங்கள். இருவர் இறந்தார்கள். நம் கரிசல் காட்டில் ஷெட் தரைமட்டமாவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் ஒன்றும் புதிதாக இராது.

வெடித்தது ஒரு நாள் கதை. ஹெண்டர்சனில் பல பத்தாண்டுகளாகத் தரைக்குள் இறங்கிய உப்பு, மீட் ஏரிக்கும் அங்கிருந்து கொலராடோ ஆற்றுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் லிட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அன்றைய கருவிகள் காட்டாது. 1997இல் கலிபோர்னியப் பொதுச் சுகாதாரத் துறை அதை 4 மைக்ரோகிராம் வரை கண்டுபிடிக்கும் முறைக்குக் கொண்டுவந்தது. அவ்வளவுதான், தொட்ட இடமெல்லாம் தெரிந்தது. அந்த ஆற்றுப் பாசனத்தில் விளைந்த லெட்டியூஸ் கீரையில் தெரிந்தது. செடி தண்ணீரை ஆவியாக விட்டு உப்பை இலையில் நிறுத்திக்கொள்கிறது. 2005இல் டெக்சாஸில் பூர்ணேந்து தாஸ்குப்தா என்ற வங்காளி வேதியியலாளரின் குழு பாலைச் சோதித்தது. கடைப் பாலில் சராசரி லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். தாய்ப்பாலில் 10.5.

தாய்ப்பாலில் ஏன் அதிகம்? தைராய்டில் இருக்கும் அதே இழுவைப் புரதம் பால் சுரக்கும் மார்பிலும் இருக்கிறது. குழந்தைக்கு அயோடின் அனுப்ப இயற்கை வைத்த ஏற்பாடு அது. பெர்குளோரேட் அதிலும் ஏறிக்கொள்கிறது. (இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்த எந்த மருத்துவரும் சொல்லவில்லை. தாய்க்கு அயோடின் குறையாமல் பார்க்கச் சொன்னார்கள்.)

ஓக்லஹோமா மாநிலத்தின் ஏடா ஊரில், ஜூலை 4 வாணவேடிக்கை முடிந்த பிறகு ஏரித் தண்ணீரைச் சோதித்தார்கள். 2007இல் வெளியான ஆய்வு. ஒரே ராத்திரியில் பெர்குளோரேட் முந்தைய அளவைப்போல் 24 முதல் 1,028 மடங்கு வரை எகிறியிருந்தது. பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள்.

வருடத்தில் ஒரு ராத்திரி வெடித்த ஏரிக்கே இந்தக் கதி. வருடமெல்லாம் வெடி செய்கிற ஊரின் கிணறு?

*

ஏழாயிரம்பண்ணைக்கும் வெடிமருந்துக்கும் பழைய உறவு. 1799இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியை முடித்துவிட்டுப் பறித்த பாளையங்களின் பட்டியலில் நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டியோடு ஏழாயிரம்பண்ணையும் உண்டு. பீரங்கி போன பிறகு வந்தது பஞ்சம். வானம் பார்த்த கரிசல். பருத்தியும் கம்பும் பொய்த்தால் வேறு வழியில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் உரிமத்தோடு எழுந்தன. பயிருக்குச் சாபமாக இருந்த வறட்டுக் காற்று, மருந்து உலர வரமாயிற்று. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று வெடி ஆபீசும் தீப்பெட்டி ஆபீசும் பரவின. திரி செய்வது, மணி மருந்து உருட்டுவது, குழாயில் அடைப்பது, தாள் ஒட்டுவது என்று வீட்டுக்கு ஒருவராவது இந்த வேலையில்.

சாவை இந்த ஊர்கள் எண்ணக் கற்றிருக்கின்றன. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி, 38 பேர். 2021 பிப்ரவரி 12, பக்கத்திலேயே அச்சன்குளம். ஒவ்வொன்றுக்கும் வழக்கு, நிவாரணம், விசாரணை. 1992இல் கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்த்துக் கலக்கவே மத்திய அரசு தடை போட்டது, தீக்குச்சித் தலைக்கு மட்டும் விலக்கு. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்தை விலக்கியது, டெல்லியின் காற்றுக்காக. விதிகள் எல்லாம் நெருப்பையும் புகையையும் பார்த்தன. ஷெட்டைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, கழிவு மருந்தைக் கொட்டிய குழியில் ஐப்பசி மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்க ஆள் ஜப்பானிலிருந்து வர வேண்டியிருந்தது.

எஹிமே பல்கலைக்கழகத்தின் கடல் சூழல் ஆய்வு மையத்தில் ஷின்சுகே தனாபே குழு வேலை செய்துகொண்டிருந்தது. அதில் நம் அண்ணாமலை சுப்பிரமணியனும் ஒருவர். தோமோஹிகோ இசோபே முதல் ஆசிரியராக, சிவகாசி வட்டாரத்திலும் மதுரையிலும் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். நிலத்தடி நீர் 60, கண்மாய் போன்ற மேல்நீர் 11, குழாய்த் தண்ணீர் 3. அவர்களுடைய கருவி லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராமைக்கூடக் காட்டிவிடும். 2013இல் முடிவு அச்சேறியது.

குழாய்த் தண்ணீரில் 0.4 மைக்ரோகிராமைக்கூடத் தாண்டவில்லை. மேல்நீரில் அதிகபட்சம் 30.2. நிலத்தடி நீரில் அதிகபட்சம் 7,690.

அமெரிக்காவின் அன்றைய வழிகாட்டு அளவு 15. சிவகாசிப் பக்கத்து 57 நிலத்தடி மாதிரிகளில் 17 அதைத் தாண்டின. மதுரையில் ஒன்றும் தாண்டவில்லை. உலக சுகாதார நிறுவனம் பிறகு, 2017இல், தாராளமாக 70 என்று வைத்தது; அந்த அளவுகோலை வைத்தாலும் அந்த ஒரு கிணறு நூறு மடங்குக்கு மேல். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள்தான் மூலம் என்று ஆய்வு நேராகவே எழுதியது.

இந்த உப்பு மண்ணில் ஒட்டாது, தானாகச் சிதையாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு ஏறும். துணியில் வடிகட்டினால் வடியும், அவ்வளவுதான். ஆர்.ஓ. இயந்திரமோ அயனி மாற்றுப் பிசினோ வேண்டும். நல்ல சேதியும் ஒன்று உண்டு: உடம்பில் தங்காது. குடிப்பதை நிறுத்தினால் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும்.

அப்படியென்றால் இந்தக் கிணறுகளைக் குடித்தவர்கள் எல்லாருக்கும் தைராய்டு கெட்டிருக்க வேண்டுமே? இங்கேதான் கதை சிலி நாட்டுக்குத் திரும்புகிறது.

*

அட்டகாமா பாலைவனத்தின் ஓரம் டால்டால் என்ற ஊர். அங்கே மண்ணிலேயே இயற்கையாகப் பெர்குளோரேட் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு நூறு மைக்ரோகிராமுக்கு மேல். 2005இல் அங்கே கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் சோதித்தபோது தைராய்டில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆலை முதலாளிகளுக்கு இது கரும்பாக இனித்தது. மறு வருடம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெஞ்சமின் பிளவுண்ட் குழு வேறொன்றைக் காட்டியது: உடம்பில் அயோடின் குறைந்த பெண்களிடம் மட்டும், பெர்குளோரேட் ஏற ஏறத் தைராய்டு ஹார்மோன் இறங்குகிறது. அயோடின் போதுமான ஆண்களிடமும் பெண்களிடமும் இவ்வளவு தெளிவாக இல்லை. டால்டால்காரர்களின் சாப்பாட்டில் அயோடின் தாராளம்.

இரண்டு ஆய்வும் சண்டை போடவில்லை. கேள்வி, உப்பு டப்பாவுக்கு வந்து நிற்கிறது.

அயோடின் உப்புக்கு நம் நாட்டில் சொந்த வரலாறு உண்டு. 1956இல் வி. ராமலிங்கசாமி குழு இமாலயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுக்கத் தொடங்கி, சில வருடத்தில் கழலை குறைவதை நிரூபித்தது. 1962இல் தேசியத் திட்டம். சாதா உப்பு விற்கத் தடை வந்தது, 2000இல் விலகியது, 2006 மே 17 முதல் மறுபடி வந்தது. தடையை எதிர்த்த சிறு உப்பளக்காரர்களின் வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். பெரிய கம்பெனி பாக்கெட்டுக்குச் சந்தை திறந்துவிடும் வேலை அதில் இருந்தது. ஆனாலும் 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பைப் பார்த்தால் நெஞ்சு பகீரென்கிறது. போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம். கடைசி இடத்தில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு, 61.9.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து கோவில்பட்டி வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தூத்துக்குடி உப்பளம். தெருவில் வண்டியில் வரும் கல் உப்புதான் ருசி, ஊறுகாய்க்கும் அதுதான் என்று வாங்கிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் இந்தப் பக்கம் ஆழமானது. கல் உப்பிலும் அயோடின் தெளித்தது கிடைக்கிறது. சாக்கில் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு பக்கம் பெர்குளோரேட் இறங்கிய கிணறு. இன்னொரு பக்கம் அயோடின் ஏறாத உப்பு. நடுவில் வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் கர்ப்பிணி. டால்டாலில் இந்த மூன்றும் சேரவில்லை.

2013ஆம் ஆண்டுக் கட்டுரையின் கடைசி வரி, மனிதர்களின் உடல்நலத்தைப் பற்றி மேலும் ஆராய வேண்டும் என்று கேட்டது. கையில் ஊசியோடு ரத்தம் எடுக்க யாராவது வர வேண்டும். பச்சிளம் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு போதும்.

சிவகாசியின் எண் அச்சேறுவதற்கு முன்பே, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இன்னோர் எண் கிடைத்திருந்தது. எர்ணாகுளம் மாவட்டம் ஆலுவாவுக்குப் பக்கத்தில் கீழ்மாடு. பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. அங்கே ஒரு கிணற்றில் லிட்டருக்கு 7,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் மாதிரிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு மூலத்தைத் தேடிப் போனபோது, எதிரே நின்றது ஒரு மதில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆலை, இந்தியாவின் ராக்கெட்டுகளுக்கு ஆக்சிஜன் தரும் உப்பைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

(அடுத்த வாரம்: கீழ்மாட்டுக் கிணறுகளை மூடியது யார்?)